‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் சொல்லாதீர்கள்: வீட்டு பிராட்பேண்ட் குறைகளை எடுபடும்படி புகார் செய்யும் முறை

ஃபைபர் இணைப்பு வைத்திருக்கும் இருவர் சந்தித்தால், பேச்சு ஐந்து நிமிடத்துக்குள் மாத வாடகைக்கும் வேகத்துக்கும் வந்துவிடுகிறது. ‘காசு மட்டும் கரெக்டா வாங்கிடறாங்க, நெட்டுதான் வரமாட்டேங்குது’ என்பது அந்தப் பேச்சின் பல்லவி. பல்லவியில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதையே வாடிக்கையாளர் சேவை எண்ணில் பாடினால், எதிர்முனையில் இருப்பவர் ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு, அடுத்த அழைப்புக்குப் போய்விடுவார். அவருக்கு முன்னால் இருக்கும் திரையில் எரிச்சலை எழுதக் கட்டம் கிடையாது; எந்தத் திட்டம், எவ்வளவு வேகம், எந்த நேரம், எத்தனை நாளாக என்ற விவரங்களுக்குத்தான் கட்டம் உண்டு. அவற்றை நாம் தரும்வரை நம் குறை குறையாகப் பதிவாவதே இல்லை. அவற்றை எப்படித் திரட்டுவது, யாரிடம் எந்த வரிசையில் கொடுப்பது என்பதை இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், வீட்டு இணைப்பு வைத்திருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

விலை வேறு, பில் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிராட்பேண்ட் திட்டங்களின் விலையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிர்ணயிப்பதில்லை. அதை நிறுவனங்களின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. ஆகவே ‘பக்கத்து நிறுவனத்தைவிட இவர்கள் இருநூறு ரூபாய் அதிகம் வாங்குகிறார்கள்’ என்பது நியாயமான மனக்குறையாக இருக்கலாம். அதைப் புகாராக வாங்கிக்கொள்ளும் இடம் எதுவும் இல்லை. ‘சொன்ன தொகை ஒன்று, பில்லில் வந்த தொகை வேறு’ என்பதற்கு இடம் உண்டு. அதேபோல், நாம் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அந்தத் திட்டத்தின் கட்டணத்தை நமக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. விலையைப் பற்றிய கோபத்தை நிறுவனம் மாறுவதன் மூலமும், பில்லைப் பற்றிய கோபத்தைப் புகாரின் மூலமும் தீர்த்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்த வழி.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகை பெரும்பாலும் வரி சேராதது. 699 ரூபாய் என்று போட்டிருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி 125 ரூபாய் 82 காசு சேர்ந்து கையிலிருந்து போவது 824 ரூபாய் 82 காசு. நிறுவும் கட்டணம், ரூட்டர் பெட்டிக்கான முன்பணம், ஆறு மாதமோ ஓராண்டோ மொத்தமாகக் கட்டினால்தான் கிடைக்கும் சலுகை, அந்தச் சலுகை முடிந்தபின் வரப்போகும் தொகை ஆகியவற்றைச் சேரும்போதே கேட்டு, வாய்ச்சொல்லாக விடாமல், வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு. பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி என்ற வரம்பு சின்ன எழுத்தில் இருக்கும். அது நாளொன்றுக்கு 110 ஜிபி என்பதால் சாதாரணக் குடும்பம் அதைத் தொடாது. ஆனால் மலிவான திட்டங்களில் வரம்பு இதைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கலாம். வரம்பைத் தாண்டியதும் வேகம் அடியோடு சரிந்துவிடும். மாதக் கடைசியில் மட்டும் இணையம் தவழ்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்டும் பரிவை நிறுவனங்கள் பழைய வாடிக்கையாளரிடம் காட்டுவதில்லை. எங்கள் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் பல ஆண்டுகளாக ஒரே தொகையைக் கட்டிவந்தார். அதே நிறுவனம், அதே தொகைக்குப் புதியவர்களுக்கு இரண்டரை மடங்கு வேகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. செயலியைத் திறந்து திட்டத்தை மாற்ற நான்கு நிமிடம் ஆயிற்று. ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் புதிய வாடிக்கையாளரைப் போல நுழைந்து விலைப்பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

கேபிள்காரர் மூலமாக இணைப்பு வாங்கியிருப்பவர்கள் ரசீதில் கவனமாக இருக்க வேண்டும். மாதாமாதம் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, ‘அண்ணன் தெரிஞ்சவர்தானே’ என்று விட்டுவிட்டால், பிற்பாடு நீங்கள் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்பதற்கே ஆதாரம் இருக்காது. நிறுவனத்தின் பெயரும் உங்கள் வாடிக்கையாளர் எண்ணும் உள்ள பில்லை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள்.

வேகத்தை அளப்பது

திட்டத்தில் சொல்லப்படும் 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட். கோப்பு இறங்கும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும்; 5 ஜிபி அளவுள்ள படம் இறங்கக் கிட்டத்தட்ட ஏழு நிமிடம் ஆகும். இந்த வித்தியாசம் தெரியாமல் ‘நூறு சொல்லிப் பன்னிரண்டு தருகிறார்கள்’ என்று சண்டைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருமுறை போய்விட்டால், அடுத்த முறை உண்மையான புகாரோடு போனாலும் காது கொடுக்க மாட்டார்கள்.

அளப்பதற்கு வைஃபையை நம்பாதீர்கள். ரூட்டருக்கும் மடிக்கணினிக்கும் நடுவில் ஒரு லேன் கேபிளைச் செருகி, வீட்டில் ஓடும் மற்ற கருவிகளையெல்லாம் அணைத்துவிட்டு அளக்க வேண்டும். அந்த அளவைத்தான் நிறுவனம் மறுக்க முடியாது; படுக்கையறையில் இரண்டு காங்கிரீட் சுவர்களுக்கு அப்பால் கைப்பேசியில் எடுத்த அளவை ‘உங்க வைஃபை பிரச்சினை சார்’ என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கும். கேபிள் வழியாக அளந்தும் 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் 94, 95 என்றே நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் ரூட்டரின் லேன் துளையோ கேபிளோ 100 எம்பிபிஎஸ் வரைக்கும்தான் தாங்கும் என்று பொருள். லைனில் குறை இல்லை. நிறுவனம் கொடுத்த பெட்டியே அப்படிப்பட்டது என்றால் தாராளமாகச் சண்டை போடலாம்: 200 எம்பிபிஎஸ்ஸுக்குக் காசு வாங்கிவிட்டு 100க்கு மேல் போகாத பெட்டியைக் கொடுப்பது சேவைக் குறைபாடுதான்.

ஒரே தளத்தில் அளப்பதும் போதாது. ஓக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அது உங்கள் நிறுவனத்தின் சொந்தச் சர்வராகவே இருக்கக்கூடும். அங்கே வேகம் அமோகமாக இருந்து, நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் மட்டும் படுத்துக்கொள்கிறது என்றால், வீட்டுக்கு வரும் லைன் சரியாக இருக்கிறது, நிறுவனத்திலிருந்து வெளியே போகும் பாதையில்தான் நெரிசல் என்று ஓரளவு ஊகிக்கலாம். இரண்டையும் அளந்து குறித்துவையுங்கள்.

நேரமும் முக்கியம். ஃபைபர் இணைப்புகளில் பரவலாகப் பயன்படும் ஜிபான் (GPON) முறையில், நிறுவனத்தின் நிலையத்திலிருந்து கிளம்பும் ஓர் இழை கண்ணாடிப் பிரிப்பான் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. அத்தனை வீட்டுக்கும் சேர்த்துக் கீழிறங்கும் வேகம் ஏறக்குறைய 2.5 ஜிபிபிஎஸ்தான் (ஒரு ஜிபிபிஎஸ் என்பது 1,000 எம்பிபிஎஸ்). 64 வீட்டுக்கும் 100 எம்பிபிஎஸ் விற்றிருந்தால் விற்றது 6.4 ஜிபிபிஎஸ். எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுக்க மாட்டார்கள் என்ற கணக்கில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது, அந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. பலிக்காமல் போவது இரவு எட்டு மணிக்கு மேல். ஆகவே காலை ஏழு, பிற்பகல் மூன்று, இரவு ஒன்பது என மூன்று வேளையும் ஒரு வாரத்துக்கு அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். திரைப்பிடிப்பையும் சேமித்து வையுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் ஒரு நாளின் வரி இப்படி இருந்தது: ‘செவ்வாய், லேன் கேபிள், காலை 7.10 – 96, பிற்பகல் 3.05 – 93; இரவு 9.20 – 14, மறுபடி 9.35 – 11.’ இப்படி ஏழு வரி சேர்ந்தால் அதற்கு விளக்கவுரை வேண்டாம். இரவில் மட்டும் விழுந்தால் நெரிசல். மூன்று வேளையும் விழுந்தால் லைனிலோ பெட்டியிலோ பழுது. கேபிளில் சரியாக இருந்து கைப்பேசியில் மட்டும் விழுந்தால் அது நம் வீட்டுக்குள் தீர்க்க வேண்டிய வைஃபை விவகாரம்.

பழி எப்போதும் நிறுவனத்தின் மேலேயே இருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. எங்கள் இணைப்பு ஒரு மாதமாக விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தபோது, நானும் அவர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். வந்த லைன்மேன் தம்பி மஞ்சள் நிறக் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றி, கையளவு மீட்டர் ஒன்றில் செருகிப் பார்த்தார். மைனஸ் 29 டிபிஎம் என்று காட்டியது; கம்பியில் வரும் ஒளியின் வலுவைச் சொல்லும் அளவு அது, மைனஸுக்குப் பின்னால் வரும் எண் கூடக்கூட ஒளி மங்கல். ‘இருபத்தஞ்சுக்குள்ள இருந்தா நல்லா இருக்கும் சார், இருபத்தேழு தாண்டுனா பெட்டி திணறும்’ என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டே போனவர் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றார். வெள்ளையடிக்கும்போது நகர்த்திய பீரோவைத் திரும்பத் தள்ளியபோது, ஃபைபர் சுவரோடு நசுங்கிக் கூராக மடிந்திருந்தது. கண்ணாடி இழை அப்படி மடிந்தால் ஒளி கசிந்துவிடும். நிமிர்த்தியதும் மைனஸ் 21க்கு வந்தது. அன்றிலிருந்து, புகார் செய்வதற்கு முன் கம்பி போகும் வழி முழுவதையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடும் பழக்கம் வந்தது. பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். அப்போது ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை என்பதைச் சேவை மையத்தில் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வரும் லைன்மேனிடம் கோபத்தைக் காட்டுவதில் பயன் இல்லை. அவர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆள். விலையை வைத்தவரும் அவரில்லை, 64 வீட்டுக்கு விற்றவரும் அவரில்லை. மீட்டரில் வந்த எண்ணை அவரிடமே கேட்டு உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் மோர் கொடுத்தால் தெருமுனைப் பெட்டியில் என்ன கோளாறு என்பதும் தெரியவரும்.

புகாரைப் பதிவது

பழுது என்று தெரிந்த உடனே பதிவு செய்யுங்கள். ‘நாளைக்குச் சரியாகிவிடும்’ என்று காத்திருந்த நாட்களுக்குக் கணக்கு கிடையாது; புகார் பதிவான நேரத்திலிருந்துதான் கெடு ஓடும். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள டிராயின் சேவைத்தர விதிகளின்படி, கம்பிவழி இணைப்பில் பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால், மாத பில் கட்டுபவர்களுக்கு வாடகையில் தள்ளுபடியும், முன்பணம் கட்டியவர்களுக்குச் செல்லுபடி நாள் நீட்டிப்பும் தரப்பட வேண்டும். இது தானாக வந்து சேரும் என்று நம்பி இருக்காமல், அடுத்த பில்லில் பார்த்து, வராவிட்டால் கேட்க வேண்டும். புகார் எண் இல்லாமல் கேட்டால் பதில் வராது.

தொலைபேசியில் சொன்னாலும், அதையே நிறுவனத்தின் செயலியிலோ மின்னஞ்சலிலோ எழுத்தாகவும் கொடுத்துவிடுங்கள். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. ‘வாடிக்கையாளர் எண் இது, 100 எம்பிபிஎஸ் திட்டம், கடந்த ஏழு நாட்களாக இரவு 8 முதல் 11 வரை லேன் கேபிள் வழியாக அளந்த வேகம் 10 முதல் 18 எம்பிபிஎஸ், அளவுகளின் திரைப்பிடிப்பு இணைக்கப்பட்டுள்ளது, ரூட்டர் மறுதொடக்கம் செய்யப்பட்டது, பயன் இல்லை, காரணத்தையும் சரிசெய்யும் தேதியையும் எழுத்தில் தெரிவிக்கவும்’ என்ற அளவு போதும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், பதில் சொல்லும் கடமையை அதுதான் அவர்கள் பக்கம் தள்ளுகிறது. ‘பல வருட வாடிக்கையாளர்’, ‘மன உளைச்சல்’ போன்றவற்றை இந்தக் கட்டத்தில் எழுதுவதால் ஒன்றும் ஆகாது.

பிறகு ஒரு குறுஞ்செய்தி வரும்: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.’ ஆள் யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஒருமுறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனம், ஒன்பது நாள் இணைப்பே இல்லாத எங்கள் வீட்டுப் புகாரை நான்கு முறை இப்படி முடித்துவைத்தது. ஒவ்வொரு முறையும் நான் புதிய புகார் கொடுக்க, ஒவ்வொரு முறையும் மூன்று நாள் கெடு முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. நான் செய்த தவறு அதுதான். புதிய எண் வாங்கவே கூடாது. ‘இந்த எண்ணுள்ள புகார் தீர்க்கப்படாமலே மூடப்பட்டுள்ளது, மீண்டும் திறக்கவும்’ என்று பழைய எண்ணைக் குறிப்பிட்டே எழுத வேண்டும். மூடியதாக வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு மேலே போகும்போது நம் கையில் இருக்கும் நல்ல சாட்சி அந்தப் பொய்ச் செய்திதான்.

சமூக ஊடகத்தில் நிறுவனத்தின் பெயரைக் குறித்து எழுதினால் சில சமயம் வேகமாகப் பதில் வருகிறது. எழுதுவதில் தவறில்லை, ஆனால் வாடிக்கையாளர் எண்ணையும் கைப்பேசி எண்ணையும் பொதுவெளியில் போட்டுவிடாதீர்கள். போலிக் கணக்குகள் அதற்காகவே காத்திருக்கின்றன. சேவை எண்ணையும் கூகுளில் தேடி எடுக்காமல், பில்லில் அச்சாகியிருப்பதையே பயன்படுத்துங்கள்.

மேலே போவது

புகார் தீராவிட்டால் அடுத்த படி நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரி. 2012ஆம் ஆண்டின் டிராய் விதிமுறைகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. புகாருக்கான கெடு முடிந்த, அல்லது திருப்தியற்ற பதில் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். ‘அவர்களிடமே அவர்களைப் பற்றிச் சொல்வதா’ என்று பலரும் இதைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் அந்த அதிகாரிக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் டிராயிடம் பதிவு பெற்ற நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்த ஒருவரும் இடம்பெற வேண்டும்; அதோடு, முதல் படியில் திரைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இல்லாத அதிகாரம் இங்கே உண்டு. ஒன்பது நாள் பஞ்சாயத்து எங்களுக்கு இங்கேதான் தீர்ந்தது.

டிராய்க்கே நேராக எழுதினால் தனிநபர் புகாரை அது விசாரிக்காது. நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பதோடு சரி. அரசுப் பக்கம் போக விரும்பினால் தொலைத்தொடர்புத் துறையின் பொதுமக்கள் குறைதீர் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் குறைதீர் இணையதளம் வழியாக அங்கே பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசலாம். இவை தீர்ப்பு வழங்கும் இடங்கள் அல்ல, ஆனாலும் நிறுவனத்துக்குள் கோப்பை நகர்த்த உதவும்.

தீர்ப்பு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசித் தகராறுகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று 2009இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி நிறுவனங்கள் நெடுநாள் தப்பித்துவந்தன. 2022 பிப்ரவரியில், வோடஃபோன் ஐடியா தொடர்பான வழக்கில், நுகர்வோர் மன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நாம் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இணையவழியாகவே தாக்கல் செய்யும் வசதியும் வந்துவிட்டது. ‘சேவைக் குறைபாடு’ என்ற சொல்லுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் கனம் இருக்கிறது. மன உளைச்சலையும் இழந்த வேலை நேரத்தையும் எழுத வேண்டிய இடம் இதுதான். நானூறு ரூபாய்த் தள்ளுபடிக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வேன். ஓராண்டுப் பணத்தை முன்கூட்டி வாங்கிக்கொண்டு சேவை தராமல் இழுத்தடித்தால் கட்டாயம் போங்கள்.

இணைப்பை விடுவது

கைப்பேசியில் எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனம் மாறலாம். பிராட்பேண்டில் அப்படி மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை, பழையதைத் துண்டித்துப் புதியதை வாங்க வேண்டியதுதான். புதிய இணைப்பு வந்து, இரவு ஒன்பது மணிக்கு ஒரு வாரம் அளந்து பார்த்த பிறகே பழையதை விடுங்கள். விடும் கோரிக்கையையும் எழுத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். ‘சும்மா ரீசார்ஜ் பண்ணாம விட்டுடுங்க சார்’ என்று சொல்வார்கள், மாத பில் கட்டும் இணைப்பில் அது பின்னால் நிலுவைத் தொகையாக வந்து நிற்கும். வங்கியிலோ யுபிஐ செயலியிலோ கொடுத்திருந்த ஆட்டோபே அனுமதியை அன்றைக்கே ரத்து செய்யுங்கள். பெட்டியை எடுத்துப்போக வருகிறவரிடம் அப்படியே கொடுத்தனுப்பாமல், பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுத்து, அடாப்டரையும் சேர்த்துக் கொடுத்ததாக அவர் கையெழுத்தோடு ஒரு ரசீது வாங்கிக்கொண்டு, முன்பணம் எந்தத் தேதிக்குள் திரும்ப வரும் என்பதை அந்த ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.